ஆறு செவிக்கு ஒரு செவி

சென்ற மாதம் ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும். எதிர் வீட்டுப் பெண் வந்து நின்றாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சாதாரணமாக வந்தால் ஏதாவது வார இதழ் கேட்பாள். அல்லது அவள் அம்மா கொடுத்தனுப்பிய கறிவேப்பிலையை வைத்துவிட்டுப் போவாள். அன்று கேட்டது வேறு.

"தாத்தா, உங்க பழைய செல்போன் ஒண்ணு சும்மாதானே கிடக்கு? ஒரு ராத்திரிக்குத் தர்றீங்களா?"

"எதுக்கம்மா?"

விஷயம் இதுதான். அவள் உயிராக நினைக்கும் ஒரு தென்கொரியப் பாட்டுக் குழு அன்றைக்குப் புதிய பாட்டு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அவளும் அவளுடைய சிநேகிதிகளும் கிடைக்கிற கைபேசிகளிலெல்லாம் அந்தப் பாட்டை விடிய விடிய ஓட்டப் போகிறார்கள். எத்தனை முறை ஓடுகிறதோ அத்தனை எண்ணிக்கை. எண்ணிக்கை ஏறினால் பட்டியலில் இடம். அப்பாவின் போன், அம்மாவின் போன், சித்தப்பாவின் போன் எல்லாம் ஏற்கெனவே சேகரமாகிவிட்டன. என்னுடையது ஐந்தாவது.

"ராத்திரி பூரா பாடினா வீட்டிலே யார் தூங்குவது?" என்றேன்.

"யாரு கேட்கப் போறா தாத்தா? சத்தத்தை ஒரே ஒரு புள்ளி வச்சு பீரோவுக்குள்ளே போட்டுடுவேன். சுத்தமா சத்தத்தை எடுத்துட்டா கணக்கிலே சேராதாம்."

கொடுத்துவிட்டேன். அன்று இரவு முழுவதும் என் கைபேசி எதிர் வீட்டுப் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கும் அந்துருண்டைகளுக்கும் நடுவே, ஒருவர் செவியிலும் விழாமல் பாடிக்கொண்டிருந்தது. படுத்துக்கொண்டு அதைப் பற்றியே யோசித்தேன். பாட்டு இருக்கிறது; பாடுகிறது; கேட்கிறவர் இல்லை. ஆனால் கேட்டதாகக் கணக்கு எழுதியாகிறது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதை வைத்துக் கதை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்தக் கணக்கின் மேல் எனக்கு ஏற்பட்ட கோபம்தான். பெண்ணின் மேல் கோபம் இல்லை.

பாட்டுகளுக்கு வாராவாரம் வரிசை எண் போடும் வழக்கம் மேல்நாட்டில் பிறந்தது. அமெரிக்காவில் 'பில்போர்ட்' என்ற வியாபாரப் பத்திரிகை, அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் பட்டியலை 1940 ஜூலையில் வெளியிடத் தொடங்கியது. இங்கிலாந்தில் இது இன்னும் எளிமையாக ஆரம்பமாயிற்று. 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையைச் சேர்ந்த பெர்ஸி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது கடைகளுக்கு டெலிபோன் செய்து, "இந்த வாரம் உங்களிடம் எது அதிகம் போயிற்று?" என்று விசாரித்தார். அந்தப் பதில்களைக் கூட்டிப் போட்டதுதான் முதல் பட்டியல். ஆல் மார்ட்டினோ என்ற பாடகருக்கு முதலிடம் கிடைத்தது. அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு மனிதர், ஒரு டெலிபோன், இருபது கடைக்காரர்கள். அதில் பிழை இருந்திருக்கும், பொய்கூட இருந்திருக்கலாம். ஆனாலும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் கடைக்குள் நுழைந்து, காசை எண்ணி வைத்து, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போன ஒரு ஆள் இருந்தார்.

பொய்யைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவிலும் கடைக்காரர் வாய்ச்சொல்தான் வெகு காலம் ஆதாரமாக இருந்தது. எந்தத் தட்டு எத்தனை விற்றது என்று அவர் சொல்வதில்லை. எது முதல், எது இரண்டாவது என்று மட்டும் சொல்வார். அவரைக் கம்பெனிக்காரர்கள் 'கவனித்துக்கொள்வது' சகஜம் என்றே சொல்லப்பட்டது. ரேடியோவில் தட்டுச் சுழற்றுகிறவர்களுக்குக் கைக்கூலி போன கதை 1959-60ல் அமெரிக்கக் காங்கிரஸ் வரையில் போய் விசாரணையாயிற்று. இதற்கெல்லாம் முடிவு கட்ட வந்தது 1991. அந்த வருஷம் மே மாதம் பில்போர்ட் தன் ஆல்பப் பட்டியலுக்குக் கடைக்காரரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, கடையில் கோடு போட்ட சீட்டைப் படிக்கும் யந்திரத்தின் கணக்கை எடுத்துக்கொண்டது. என்ன நடந்தது தெரியுமா? நாட்டுப்புற மெட்டில் பாடும் கண்ட்ரி பாடகர்களும், கறுப்பின இளைஞர்களின் ராப் பாட்டும் திடீரென்று மேலே ஏறிவிட்டன. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு முதலிடத்துக்கு வந்தது. ஜனங்களின் ரசனை ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை. அவர்கள் முன்பிருந்தே வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்காரரின் கண்ணில் அவர்கள் படவில்லை, அவ்வளவுதான். இன்ன இன்ன மாதிரி மனிதர்கள் வாங்குவதுதான் விற்பனை என்று அவர் மனத்தில் ஒரு சித்திரம் இருந்திருக்கிறது. யந்திரத்துக்கு அந்தச் சித்திரம் கிடையாது. யந்திரத்தை எடுத்த எடுப்பில் நான் திட்டப் போவதில்லை என்பதற்காகவே இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் விற்பனைக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. என் நாவல்கள் இத்தனை பிரதி விற்றன என்று பதிப்பாளர் எழுதுவார். எத்தனை பேர் படித்தார்கள் என்று எழுத அவரால் முடியாது. கல்யாணத்துக்குப் பரிசாகப் போய், மணமக்களின் வெள்ளி விழா வரையில் பிரிக்கப்படாமல் இருந்த என் நாவல் ஒன்றை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். மாறாக, ஒரு வாடகை நூல் நிலையத்துப் பிரதி, அட்டை போய், முதல் பதினாறு பக்கம் போய், அப்படியும் ஊர் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது. பதிப்பாளர் கணக்கில் இரண்டும் ஒன்று ஒன்றுதான்.

ஆகவே, சந்தா கட்டியோ விளம்பரத்தைச் சகித்துக்கொண்டோ பாட்டுக் கேட்கும் 'ஸ்ட்ரீமிங்' முறை வந்தபோது நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். வாங்கினாரா என்பது போய், கேட்டாரா என்பது கணக்குக்கு வந்துவிட்டது. இங்கிலாந்துப் பட்டியலில் 2014 ஜூலையில் இதைச் சேர்த்தார்கள்; நூறு முறை கேட்டால் ஒரு விற்பனைக்குச் சமம் என்று வைத்தார்கள். 2017 தொடக்கத்தில் அதை நூற்றைம்பது ஆக்கினார்கள். முப்பது விநாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாக அர்த்தம்.

முப்பது விநாடி! நம் வித்வான் ஒருவர் சுருதி சேர்த்து முடிக்க அது போதுமா? இந்த விதியின் லட்சணத்தை அம்பலப்படுத்தியவர்கள் அமெரிக்காவில் மிச்சிகனைச் சேர்ந்த வுல்ஃப்பெக் என்ற வாத்தியக் குழுவினர். 2014ல் பத்துப் 'பாட்டு'க்கள் அடங்கிய ஆல்பம் ஒன்றை ஸ்பாட்டிஃபையில் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் முப்பது விநாடிக்குச் சற்றே கூடுதல். ஒன்றிலும் ஒரு சத்தமும் கிடையாது, பூரண மௌனம். "தூங்கும்போது இதை ஓட விட்டுத் தூங்குங்கள்" என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ரசிகர்களும் தூங்கினார்கள். சுமார் 20,000 டாலர் சேர்ந்தது. அதை வைத்து டிக்கெட் இல்லாமல் இலவசக் கச்சேரிகள் செய்வதாகத் திட்டம். கம்பெனி விழித்துக்கொண்டு ஆல்பத்தை எடுத்துவிட்டது. எதிர் வீட்டுப் பீரோவுக்கு மூதாதை அது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் குறும்பு. குறும்பே இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு எப்படித் திண்டாடியது என்பதுதான் ருசிகரமான விஷயம். 2017 மார்ச்சில் எட் ஷீரன் என்ற பாடகர் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதில் பதினாறு பாட்டுகள். அந்த வாரம் இங்கிலாந்தின் முதல் இருபது இடங்களில் அந்தப் பதினாறும் உட்கார்ந்துகொண்டன. யாரும் மோசடி செய்யவில்லை. ஜனங்கள் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரையில் கேட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒருவர் ஆல்பத்தை வாங்கி வீட்டில் பத்து முறை கேட்டிருந்தால் தனிப்பாட்டுப் பட்டியலில் சலனமே இருந்திராது. பந்தியில் ஒரு குடும்பமே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தால் பரிமாறுகிறவர் விழிப்பது போலப் பட்டியல்காரர்கள் விழித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் இரண்டு விதிகள் வந்தன. ஒரு பாடகருக்கு மூன்று பாட்டுகளுக்கு மேல் இடம் இல்லை. பத்து வாரம் பட்டியலில் இருந்துவிட்டு, தொடர்ந்து மூன்று வாரம் இறங்குமுகமான பாட்டுக்கு நூற்றைம்பதுக்குப் பதில் முந்நூறு முறை கேட்டால்தான் ஒரு விற்பனை. அதாவது பழைய பாட்டைக் கேட்பவரின் செவிக்குப் பாதி மதிப்பு.

இந்த இரண்டாவது விதியை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். ஜனங்கள் எதைக் கேட்கிறார்கள் என்று அறியப் புறப்பட்டவர்கள், அவர்கள் கேட்டதைப் பார்த்துத் திகைத்து, "இது நாங்கள் கேட்ட பதில் இல்லையே" என்று சொல்லுகிற விதி அது. ஜனங்கள் பிடித்த பாட்டையே மாதக்கணக்கில் கேட்கிறார்கள். எப்போதும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். இப்போதுதான் அது வெளியே தெரிகிறது. ஆனால் பட்டியல் என்பது பத்திரிகைச் சரக்கு. வாராவாரம் அது மாற வேண்டும். மாறாத பட்டியலை யார் வாங்குவார்? எனவே, செவியின் நடத்தைக்குத் தக்கபடி பட்டியலை மாற்றாமல், பட்டியலின் சௌகரியத்துக்குத் தக்கபடி செவியை வெட்டினார்கள்.

வெட்டியது ஐந்து வருஷத்தில் அவர்கள் கையையே பதம் பார்த்தது. கேட் புஷ் என்ற ஆங்கிலேயப் பாடகி 1985ல் பாடி, அப்போது மூன்றாம் இடம் பெற்ற 'ரன்னிங் அப் தட் ஹில்' என்ற பாட்டு, 2022ல் ஒரு தொலைத்தொடர் கதையில் ஒலித்தது. அந்தத் தொடரைப் பார்த்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் 1985ல் பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அது புத்தம் புதுப் பாட்டு. விழுந்து விழுந்து கேட்டார்கள். ஆனால் பட்டியலின் சட்டப்படி அது கிழட்டுப் பாட்டு. அதைக் கேட்கும் செவிக்குப் பாதிதான் மதிப்பு. அதனால், அதிகம் பேர் கேட்டும் ஒரு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. பிறகு அதற்கென்று விதியைத் தளர்த்தி விலக்கு அளித்தார்கள். ஜூன் 17ல், முப்பத்தேழு வருஷம் கழித்து, அது முதலிடத்துக்கு வந்தது. விதிக்கு விலக்குக் கொடுத்தபோதே, விதி தவறு என்று ஒப்புக்கொண்டாயிற்று என்பது என் அபிப்பிராயம். ஒரு பாட்டின் வயது அது வெளிவந்த தேதியில் இல்லை. கேட்கிறவரிடம் அது வந்து சேர்ந்த நாளில் இருக்கிறது. என் தகப்பனார் பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட ஒரு நாவலை நான் நாற்பது வயதில் முதல் தடவை படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தேனே, அது பழைய புத்தகமா, புதுப் புத்தகமா?

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு. மரையா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு 1994ல் வெளிவந்தது. நாடு முழுவதும் பாடியது. ஆனால் அது தனித் தட்டாக விற்கப்படவில்லை. அன்றைய விதிப்படி 'ஹாட் 100' பட்டியலுக்குள் நுழையவே அதற்கு உரிமை இல்லை. முதலிடம் பெற்றது 2019 டிசம்பரில். இருபத்தைந்து வருஷம் அது எங்கும் போய்விடவில்லை. அளவுகோல்தான் அதனிடம் வந்து சேர அவ்வளவு காலம் பிடித்தது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். 2018 ஜூலையில் இங்கிலாந்தில் இன்னொரு மாறுதல் செய்தார்கள். சந்தா கட்டிக் கேட்பவர்கள் நூறு முறை கேட்டால் ஒரு விற்பனை. சந்தா கட்டாமல், நடுநடுவே விளம்பரம் கேட்டுக்கொண்டு இலவசமாகக் கேட்பவர்கள் அறுநூறு முறை கேட்டால் ஒரு விற்பனை. ஆறு ஏழைச் செவி சேர்ந்தால் ஒரு பணக்காரச் செவி! பில்போர்ட் சற்றுத் தாராளம். தனிப்பாட்டுப் பட்டியலில் அதே வருஷம் இலவசக்காரருக்கு மூன்றில் இரண்டு பங்கு மதிப்புக் கொடுத்தது. ஆல்பப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மூன்றுக்கு ஒன்றை இரண்டரைக்கு ஒன்றாகத் தளர்த்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். அதே மாதம் யூட்யூப் கம்பெனி, "எங்களிடம் கேட்கிறவர்களும் கேட்கிறவர்கள்தாம், எல்லோரையும் சமமாக எண்ணாவிட்டால் 2026 ஜனவரிக்குப் பிறகு எங்கள் கணக்கைத் தர மாட்டோம்" என்ற கருத்தில் அறிவித்துவிட்டு விலகிக்கொண்டது. யூட்யூபின் கருணையில் எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. அதற்கு அதன் வியாபாரம். என்றாலும், அது சொன்ன வாக்கியம் சரியான வாக்கியம்.

எதிர்ப் பக்கத்தின் வாதத்தையும் சொல்ல வேண்டும். இது வியாபாரப் பட்டியல். பணம் கொடுத்தவருடைய கேள்வி அதிகப் பணம் தருகிறது. விற்பனைக் காலத்திலும் காசு கொடுத்தவரைத்தானே எண்ணினார்கள் என்கிறார்கள். வாஸ்தவம். அப்படியானால் அதற்கு 'வருமானப் பட்டியல்' என்று பெயர் வைக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஜனங்கள் விரும்பும் பாட்டு என்று பெயர் வைத்துவிட்டு, ஜனங்களைப் பர்ஸின் கனத்தால் நிறுப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன். அந்தக் காலத்துப் பட்டியல்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இவர்களைவிட மனசு விசாலமாக இருந்தது. பில்போர்ட் 1957 வரையில் 'ஜூக் பாக்ஸ்' பட்டியல் ஒன்று தனியாக வைத்திருந்தது. சாப்பாட்டுக் கடைகளில் காசு போட்டால் பாடும் பெட்டி அது. தட்டு வாங்க வசதியில்லாத பையன்கள், சில்லறைக் காசு போட்டுத் தங்கள் பாட்டைக் கேட்டார்கள். கடையில் விற்றது ஒரு பட்டியல், ரேடியோவில் ஓடியது ஒரு பட்டியல், பெட்டியில் பாடியது ஒரு பட்டியல் என்று மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டார்கள். பார்க்கிறவருக்குப் பாட்டு எந்த வாசலில் நிற்கிறது என்று தெரிந்தது. 1958 ஆகஸ்டில் 'ஹாட் 100' வந்து எல்லாவற்றையும் ஒரே எண்ணாகப் பிசையத் தொடங்கியபோது சௌகரியம் கூடியது, விவரம் போயிற்று.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1952ல் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கி வைத்த 'பினாகா கீத் மாலா' நிகழ்ச்சி ஹிந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தியபோது, தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்துக்கொண்டது. தட்டு வாங்கப் பணமில்லாதவர்களுக்குக் கார்டு வாங்கவாவது காசு இருந்தது. மன்றங்களிலும் கட்சி கட்டுதல் இருந்திருக்கும், சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தக் கார்டை ஒரு கை எழுதியது.

சரி, உன் யோசனை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். முறைகளை எண்ணாமல் ஆட்களை எண்ண வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ஆள் ஒரு வாரத்தில் ஒரு பாட்டை ஆயிரம் தடவை ஓட்டினாலும் ஒன்று. என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற பாங்கு அதிகாரி, கணக்கில் புலி. "அதெப்படி ஸார்? பஸ்ஸில் போகும்போது காதில் விழுந்ததை முப்பது விநாடி கேட்டவனும், அந்தப் பாட்டிலேயே வாழ்கிறவளும் ஒன்றா? நீங்கள் ஒரே நாவலை ஆறு தடவை படித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை ஒன்று என்று எழுதிக்கொண்டால் உங்களுக்குச் சம்மதமா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

பிறகு தோன்றியது, நாட்களை எண்ணலாமே என்பது. ஒரு ஆள், ஒரு பாட்டு, ஒரு நாள்: அதற்கு ஒன்று. இரவு முழுவதும் பீரோவில் பாடினாலும் ஒன்றுதான். நாற்பது வேறு வேறு நாட்களில் அந்தப் பாட்டைத் தேடி வந்தால் நாற்பது. நாற்பது நாள் ஒரு பொய்யைக் கட்டிக் காப்பது யாருக்கும் எளிதல்ல. அதோடு, தானாகத் தேடிப் போட்ட பாட்டும், ஒரு பாட்டு முடிந்ததும் யந்திரமே அடுத்ததாகத் தள்ளிவிட்ட பாட்டும் ஒரே கணக்கில் வரக் கூடாது. யந்திரம் தள்ளியதை எண்ணினால் யந்திரத்தின் ரசனைதான் பட்டியலில் முதலிடம் பெறும். சந்தா கட்டினவர், கட்டாதவர் என்ற பேதம் கூடவே கூடாது. பழசு, புதுசு என்ற தண்டனையும் வேண்டாம். புதுப் பாட்டுகளுக்கு விளம்பரம் தேவை என்றால் புதுப் பாட்டு என்று தலைப்பிட்டுத் தனிப் பத்தி போட்டுக்கொள்ளட்டும். பாங்கு நண்பர் இதிலும் ஓட்டை இருக்கிறது என்கிறார்: ஒருவனே பத்துப் பெயரில் கணக்குத் தொடங்கினால்? அதற்கு நான் பொறுப்பில்லை. தேர்தலிலேயே அதற்கு வழி காண முடியாமல்தானே விரலில் மை வைக்கிறோம்.

மறு நாள் காலை எதிர் வீட்டுப் பெண் போனைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். போன் ஜுரம் கண்ட குழந்தை மாதிரி சுட்டது. கண்ணெல்லாம் சிவந்திருந்தாள்.

"எத்தனை தடவை ஓடிச்சு?"

"அஞ்சு போனும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டியிருக்கும் தாத்தா."

"நீ எத்தனை தடவை கேட்டே?"

கொஞ்சம் யோசித்தாள்.

"முழுசா உட்கார்ந்து கேட்டது ரெண்டு தடவைதான். அப்புறம் எல்லா போனையும் பார்த்துக்கிட்டே இருக்கணுமே. ஒண்ணு நின்னுடும், ஒண்ணுக்கு சார்ஜ் போயிடும். கேட்க எங்கே நேரம்?"

அன்றிலிருந்து என் பழைய போன் தினமும் காலையில் அந்தக் குழுவின் பாட்டுகளை எனக்குச் சிபாரிசு செய்கிறது. நான் அவர்களுடைய தீவிர ரசிகன் என்று அது முடிவு செய்துவிட்டது. நேற்றுக் காபி குடித்துக்கொண்டே ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். பாஷை புரியவில்லை. நடுவில் ஒரு பையன் தனியாகப் பாடுகிற இடம் நன்றாகவே இருந்தது.